மரணம் முடித்துவைக்காத பதவிக்கு எந்த விதி?

எங்கள் ஆலயத் தலைவர் பதவிக்குக் கால வரம்பு வேண்டுமா, வேண்டுமென்றால் எந்த வகை வரம்பு என்பதை இந்த ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிவு செய்யப்போகிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த ஏழு தோட்டங்களிலிருந்து பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் ஆலயம் இது. சட்டவிதித் திருத்தத்தை எழுதும் சிறு குழுவில் நானும் ஒருவன். வந்த யோசனைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது குழுவில் இளையவரான தங்கை ஒருவர் கேட்டார்: "அண்ணே, இனி யாருக்கும் முதுமை வராது, நோயால் சாவும் வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் இந்த விதி நிற்குமா?"

அந்தக் கேள்வியையே உரைகல்லாக எடுத்துக்கொண்டோம். ஆலயத்துக்கு மட்டுமல்ல, நாட்டுக்கும் இதே உரைகல்தான் வேண்டும் என்பது என் கருத்து. இதுவரை உலகத்தில் எழுதப்பட்ட சட்டவிதிகளில் பாதி, எழுதாத ஒரு விதியை நம்பியே இருக்கின்றன: எப்படியும் ஒரு நாள் அவர் போய்விடுவார் என்பது. அந்த நம்பிக்கையை எடுத்துவிட்டால் எந்த விதி தாங்கும், எது சரியும் என்று பார்க்க வேண்டும்.

இது வெறும் கற்பனை விளையாட்டு என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். 2025 செப்டம்பர் 3ஆம் தேதி பெய்ஜிங் இராணுவ அணிவகுப்புக்கு நடந்து போகும் வழியில் சீன அதிபர் சி ஜின்பிங்கும் ரஷ்ய அதிபர் புதினும் பேசியது ஒலிவாங்கியில் சிக்கியது. உறுப்புகளை மாற்றிக்கொண்டே போனால் இளமையோடு இருக்கலாம், சாகாமலும் இருக்கலாம் என்பது ஒருவர் பேச்சு. இந்த நூற்றாண்டிலேயே 150 வயது வரை வாழலாம் என்கிறார்களே என்பது மற்றவர் பேச்சு. இருவருக்கும் அப்போது 72 வயது. சீனாவில் அதிபருக்கான இரண்டு தவணை வரம்பு 2018இல் நீக்கப்பட்டது. ரஷ்யாவில் 2020இல் பழைய தவணைகள் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டு, 2036 வரை புதின் பதவியில் இருக்க வழி பிறந்தது. சட்டம் போட்ட வேலியை இருவரும் தாண்டியாயிற்று. மிச்சமிருக்கும் வேலி உடம்புதான்.

அந்தச் செய்தியை நான் படித்தது எங்கள் கடைவீதியில் உள்ள இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலில், உறவினர் ஒருவருக்காகக் காத்திருந்தபோது. தோட்டத்தில் பால் மரம் வெட்டிய கைகள் அங்கே வரிசையாக நீட்டிக் கிடக்கும். ஊசி குத்திக் குத்தி இரத்தக்குழாய் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும் இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் இந்த அலைச்சல் தீரும் என்று காத்திருப்பவர்கள் அவர்கள். உறுப்பை மாற்றி மாற்றிச் சாவைத் தள்ளிப்போடும் வித்தை ஒரு நாள் கைகூடினால், அது முதலில் யாருக்குக் கிடைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எல்லோரும் சாகாமல் இருக்கும் உலகத்துக்கு முன்பாக, ஆள்பவர் சாகாமலும் எதிர்த்து நிற்பவர் சாகக்கூடியவராகவும் இருக்கும் ஒரு காலம் வரும். விதி எழுதுகிறவர்கள் அஞ்ச வேண்டியது அந்தக் காலத்துக்குத்தான்.

முதல் யோசனை: வரம்பே வேண்டாம், தேர்தல் போதும். மூத்தவர்கள் பலர் இந்தப் பக்கம். நல்லவரை வைத்துக்கொள்வோம், ஆகாதவரைத் தோற்கடிப்போம் என்கிறார்கள். எங்கள் ஊரிலேயே இதற்கு ஆதரவும் இருக்கிறது, எதிர்வாதமும் இருக்கிறது. 1959 முதல் 2008 வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு, சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதி கண்டது இரண்டே உறுப்பினர்களை: துன் சம்பந்தன், துன் சாமிவேலு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நடுத்தெருவில் நின்ற காலத்தில், தொழிலாளர்கள் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் சம்பந்தன். அந்த நன்றி இந்த ஊரில் இன்றும் உண்டு. சாமிவேலு 1974 முதல் தொடர்ந்து எட்டுத் தேர்தல்களில் வென்றார். 2008இல் மக்கள் வேறு முடிவு எடுத்தார்கள். ஆக, தேர்தல் வேலை செய்தது. ஆனால் எத்தனை ஆண்டுகள் கழித்து? அவருடைய கட்சியான மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைமையோ 2010 வரை அவரிடமே இருந்தது. அந்தத் தலைமை 1979இல் அவர் கைக்கு வந்ததும் முன்னவர் மாணிக்கவாசகம் பதவியில் இருக்கும்போதே மறைந்ததால்தான். இறப்பு திறந்த கதவு அது. இறப்பே இல்லாத உலகத்தில் அந்தக் கதவு எப்போது திறந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

துன் மகாதீரைப் பாருங்கள். 1981 முதல் 2003 வரை 22 ஆண்டுகள் பிரதமர். பிறகு 2018இல், 92 வயதில், மக்கள் வாக்கோடு மீண்டும் வந்தார். 2022இல் அதே மக்கள் லங்காவியில் அவருக்கு வைப்புத்தொகையைக் கூடத் திருப்பித் தரவில்லை. நாடு என்ற அளவில், இரகசிய வாக்குப் பெட்டி இருக்கும் இடத்தில், தேர்தலுக்கு உயிர் உண்டு என்பதற்கு இதுவே சாட்சி.

ஆலயம், கூட்டுறவு, கட்சிக் கிளை போன்ற சிறிய இடங்களில் நிலைமை வேறு. இங்கே வாக்காளர் யார் என்பதையே செயலவைதான் முடிவு செய்கிறது. புதிய உறுப்பினரின் மனுவை ஏற்பதும் கிடப்பில் போடுவதும் அதன் கையில். சந்தாப் பாக்கி என்று ஒருவரின் வாக்கை நிறுத்துவதும் அதன் கையில். சட்டப்படி ஒரு தவறும் இராது. சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பும் ஆண்டறிக்கை சரியாகவே இருக்கும். பத்து ஆண்டு தலைவராக இருப்பவர் தமக்கு வேண்டிய வாக்காளர்களை மெல்ல மெல்லச் சேர்த்துக்கொள்ள முடியும். நூறு ஆண்டு இருந்தால்?

இன்னொன்றும் உண்டு. சாகாத உலகத்தில் வாக்காளர்களும் சாக மாட்டார்கள். 1960களின் தோட்டச் சண்டையில் யார் யாரோடு பேச்சை நிறுத்தினார்கள் என்பதை இன்றும் நினைவில் வைத்து வாக்களிக்கும் பெரியவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பகை அவர்களோடு போகும் என்றுதான் நாம் பொறுத்துக்கொள்கிறோம். போகாவிட்டால், புதிதாகப் பிறக்கும் பிள்ளைகள் எல்லாக் காலத்திலும் சிறுபான்மையாகவே இருப்பார்கள். 2019இல் நம் நாடாளுமன்றம் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தபோது இலட்சக்கணக்கான புதிய குரல்கள் சேர்ந்தன. மேல் பக்கத்தில் யாரும் விலகாத பட்டியலில் அப்படிச் சேர்க்கும் குரல் ஆண்டுக்கு ஆண்டு சன்னமாகிக்கொண்டே போகும். தேர்தல் மட்டும் போதும் என்ற யோசனையை நான் நிராகரிப்பது இதனால்தான்.

இரண்டாவது, வயது வரம்பு. நம் நாட்டு நீதிபதிகளுக்கு 66 வயது எல்லை. கத்தோலிக்கத் திருச்சபையில் 80 வயதைக் கடந்த கர்தினால்கள் போப்பைத் தேர்ந்தெடுக்க வாக்களிக்க முடியாது. நம் இளைஞர் அமைப்புகளுக்கான வயதுச் சட்டம் 2019இல் 40இலிருந்து 30க்கு இறக்கப்பட்டது. இன்றைய உடம்புக்கு இவை பொருந்தும். முதுமை இல்லாவிட்டால் இந்த வரம்பின் நியாயமே போய்விடும். அதைவிட மோசம், நாளடைவில் ஊரில் பெரும்பான்மையோர் 70ஐக் கடந்தவர்களாக இருப்பார்கள். பெரும்பான்மைக்கு உரிமை மறுக்கும் விதியை எந்தப் பொதுக்கூட்டமும் ஏற்காது. இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

மூன்றாவது, வாழ்நாள் தவணை வரம்பு: இத்தனை தவணை, அதோடு சரி, திரும்ப வர முடியாது. இளைஞர்கள் பெரும்பாலும் இதைக் கேட்கிறார்கள். நல்ல முன்மாதிரிகளும் உண்டு. நம் மேலவை உறுப்பினருக்கு மூன்று ஆண்டுத் தவணை, இரண்டு தவணைக்கு மேல் கிடையாது. பினாங்கு மாநிலம் 2018இல் முதலமைச்சருக்கு இரண்டு தவணை என்று தன் அரசமைப்பைத் திருத்தியது. அமெரிக்கா, ரூஸ்வெல்ட் நான்கு முறை வென்ற பிறகு, 1951இல் இதைச் செய்தது.

இந்த வரம்புக்கான நியாயத்தைச் செம்பனைக் காட்டில் வேலை செய்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 25 ஆண்டு ஆன செம்பனையை வெட்டிச் சாய்க்கிறார்கள். காய்ப்பு நின்றதால் அல்ல. மரம் ஓங்கிவிடுகிறது, கம்பின் நுனியில் கட்டிய அரிவாள் குலைக்கு எட்டுவதில்லை. நீண்ட நாள் தலைவரும் அப்படித்தான். அவரிடம் அறிவும் அன்பும் குறைந்திருக்காது. கேள்வி கேட்பவரின் கைதான் அவருக்கு எட்டாமல் போயிருக்கும்.

ஆனாலும் சாகாத உலகத்தில் இந்த விதி இரண்டு இடத்தில் உடைகிறது. ஒன்று, ஐந்நூறு ஆண்டு வாழப்போகிறவரிடம் பத்தே ஆண்டு ஆண்டுவிட்டு மிச்ச 490 ஆண்டும் வாசலுக்கு வெளியே நில் என்று சொல்கிறோம். சட்டத்துக்கு உட்பட்டுத் திரும்பி வர வழியே இல்லாத மனிதருக்குச் சட்டத்தை உடைப்பதைத் தவிர வேறு ஆசை எதற்கு வரும்? திறமையுள்ளவர்களை ஒருமுறை பயன்படுத்திவிட்டு என்றென்றைக்கும் ஒதுக்குவது ஊருக்கும் இழப்பு. இருநூறு குடும்பங்கள் உள்ள ஆலயத்தில் ஆட்களே தீர்ந்துபோவார்கள்.

இரண்டாவது உடைப்பு இன்னும் ஆழமானது. நாற்காலியை விட்டு எழுந்தவர் அதிகாரத்தை விட்டு எழுவதில்லை. மெக்சிகோவில் அதிபருக்கு ஒரே தவணை, ஆறு ஆண்டு; மறுபடியும் நிற்கவே முடியாது. அவ்வளவு கடுமையான வரம்பு இருந்தும் ஒரே கட்சி 1929 முதல் 2000 வரை 71 ஆண்டுகள் ஆண்டது. பக்கத்தில் சிங்கப்பூரில் லீ குவான் யூ 1990இல் பிரதமர் பதவியிலிருந்து இறங்கினார். ஆனால் மூத்த அமைச்சர், மதியுரை அமைச்சர் என்ற பெயர்களில் 2011 வரை அமைச்சரவையில் இருந்தார்.

இந்தப் பின்னிருக்கை அதிகாரத்தைத் தோட்டத்து மக்களைப் போல் அறிந்தவர்கள் யாரும் இல்லை. சாகாத ஆட்சியாளர் எப்படி இருப்பார் என்று கற்பனை செய்ய நமக்குத் தேவையே இல்லை. அவருக்குக் கீழேதான் நாம் நான்கு தலைமுறை வாழ்ந்தோம். அவர் பெயர் கம்பெனி. துரை மாறுவார், கிராணி மாறுவார், கங்காணி முறையே ஒழிந்துபோகும், கம்பெனி சாகாது. 1821இல் சிங்கப்பூரில் தொடங்கிய கத்ரி நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1981 செப்டம்பர் 7ஆம் தேதி லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் அது மலேசியர் கைக்கு வந்தது. 2007இல் சைம் டார்பியோடு இணைந்து பெயரே மறைந்தது. 2024இல் அந்தத் தோட்ட நிறுவனம் எஸ்டி கத்ரி என்று பெயர் மாற்றிக்கொள்ள, இருநூறு ஆண்டு கழிந்த பிறகும் பழைய பெயர் பலகையில் ஏறியது. எத்தனை பேரைப் புதைத்தோம், எரித்தோம் இந்த இருநூறு ஆண்டில்! கம்பெனிகளின் பிடி எதில் இருந்தது? துரையின் நாற்காலியில் அல்ல. லயத்து வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலை போனால் கூரை போகும். பிடி அந்தச் சாவியில் இருந்தது. துரைக்கு எத்தனை தவணை என்று வரம்பு வைத்திருந்தாலும் லயத்தில் இருந்தவருக்கு ஒரு சுகமும் வந்திருக்காது.

ஆனால் சாகாத கம்பெனிக்கும் ஒரு கடிவாளம் உண்டு. தேசிய நிலச் சட்டம் குத்தகை நிலத்துக்கு 99 ஆண்டு என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அது முடியும்போது கம்பெனி அரசின் வாசலுக்கு வந்து கேட்க வேண்டும். ஆளை அல்ல, ஆளின் கையில் உள்ள பொருளைக் காலத்தால் கட்டும் விதி அது. சாகாதவர்களை ஆள்வதற்கு இதுவே பொருத்தமான கயிறு என்று நினைக்கிறேன்.

நான்காவது யோசனை முறைவைப்பு. இதைத்தான் நான் ஆதரிக்கிறேன். இதற்கு முன்மாதிரி தேடி வெளியே போக வேண்டாம். நம் நாட்டின் உச்சியிலேயே இருக்கிறது. 1957 முதல் ஒன்பது மலாய் ஆட்சியாளர்கள் தமக்குள் முறை வைத்து, ஐந்து ஆண்டுக்கு ஒருவர் மாமன்னர் ஆகிறார்கள். ஒவ்வொருவரும் முழுத் தவணை இருந்தால் ஒரு சுற்றுக்கு 45 ஆண்டு. ஒரு மாநிலத்தின் முறை மீண்டும் வருவதற்குள் அந்த ஆட்சியாளர் மாறியிருப்பார் என்பதே வழக்கமான எதிர்பார்ப்பு. கெடா சுல்தான் துவாங்கு அப்துல் ஹாலிம் மட்டும் அதை மாற்றிக் காட்டினார்: 1970 முதல் 1975 வரை ஒருமுறை, 2011 முதல் 2016 வரை மறுமுறை. ஒரு மனிதர் ஒரு சுற்று முழுவதையும் தாண்டி வாழ்ந்தார், விதி கலங்கவில்லை. யாருக்கும் விதிவிலக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை, எந்தச் சட்டத்தையும் திருத்த வேண்டியிருக்கவில்லை. அவர் இன்னும் ஆயிரம் ஆண்டு வாழ்ந்திருந்தாலும் முறை வரும்போது வந்து, முடியும்போது போயிருப்பார். உரைகல்லில் உரசித் தங்கமாக நிற்கும் விதி இது.

இதன் பலம் காத்திருப்பில் இருக்கிறது. சாவு உள்ளவனுக்கு 40 ஆண்டு காத்திருப்பது தண்டனை. சாகாதவனுக்கு அது ஒரு இடைவேளை. திரும்பி வர நேர்மையான வழி திறந்திருப்பதால் குறுக்கு வழியின் கவர்ச்சி குறைகிறது. இடைவெளி நீளமாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். ஒரு தவணை ஓய்வு போதும் என்றால் இரண்டு பேர் மாற்றி மாற்றி உட்கார்ந்துகொள்வார்கள். 2008 முதல் 2012 வரை ரஷ்யாவில் அதிபரும் பிரதமரும் இடம் மாறிக்கொண்டதை உலகம் பார்த்தது.

எங்கள் ஆலயத்துக்கு முறைவைப்பு புதிதும் அல்ல. திருவிழாவின் ஒவ்வொரு நாள் உபயமும் ஒவ்வொரு தோட்டத்தாருக்கு. அவர்கள் நாளில் அவர்கள் குடும்பத்துப் பெரியவருக்குத்தான் பரிவட்டம் கட்டுவார்கள். அன்றைக்குத் தலைவரே வந்தாலும் இரண்டாவது வரிசைதான். அதில் யாருக்கும் மனக்குறை வந்ததில்லை. திருவிழாவில் நடப்பது நிர்வாகத்தில் ஏன் நடக்கக் கூடாது?

எங்கள் வரைவு இதுதான்: ஏழு தோட்டத்தாருக்கு ஏழு முறை, ஒவ்வொன்றும் இரண்டு ஆண்டு. யார் தலைவர் என்பதை அந்தந்தத் தோட்டத்தார் தமக்குள் வாக்கெடுத்து அனுப்புவார்கள். எட்டாவது முறை, எந்தத் தோட்டமானாலும், கடைசி முப்பது ஆண்டுக்குள் பிறந்தவர்களுக்கு. வயது வரம்பு போல் யாரையும் வெளியே தள்ளாமல், பிந்திப் பிறந்தவர்களுக்கு ஓர் இடத்தை நிரந்தரமாக ஒதுக்குகிறது இது. ஒருவர் திரும்பி வர 14 ஆண்டு ஆகும்.

நாட்டுக்கு இதை அப்படியே எடுத்து வைக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். மாமன்னர் பதவியை முறை வைக்க முடிவதற்கு ஒரு காரணம், அன்றாட நிர்வாகம் அந்தப் பதவியில் இல்லை. பிரதமர் நாடாளுமன்றப் பெரும்பான்மையோடு நிற்பவர். மாநிலத்துக்கு மாநிலம் முறை வைத்தால் மக்கள் வாக்குக்கு மதிப்பில்லாமல் போகும். பிரதமருக்கு இன்றைய மனித ஆயுளுக்குப் பத்து ஆண்டு உச்சவரம்பே சரி. ஆயுள் நீளும் நாள் வந்தால் அதை ஒரு தலைமுறை அளவுக்கு நீண்ட இடைவெளியாக மாற்ற வேண்டும்.

ஐந்தாவதாகக் குழுவில் ஒருவர் குடவோலையை நினைவுபடுத்தினார். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, 921ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 30 குடும்புகளிலிருந்து, அதாவது ஊரின் வட்டாரங்களிலிருந்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். பெருமைக்காக இதை மேடையில் சொல்வது வழக்கமாகிவிட்டது. அது நிலமுள்ள பிராமணர்களின் ஊர்ச்சபை. பால் வெட்ட வந்த எங்கள் முன்னோரின் பெயர் அந்தக் குடத்தில் விழுந்திருக்காது. அதை மறைக்காமல் சொல்லிவிட்டு, அதிலிருந்து இரண்டு விதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் வாரியத்தில் சேர முடியாது, மூன்று ஆண்டுக்குள் பொறுப்பில் இருந்தவர் பெயரைக் குடத்தில் இட முடியாது. தலைவரைச் சீட்டுப் போட்டு எடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆலயத்தை நடத்தப் பழக்கமும் விருப்பமும் வேண்டும். கணக்குத் தணிக்கைக் குழுவை மட்டும் இப்படி எடுக்கலாம். யார் பெயர் வரும் என்று யாருக்கும் தெரியாவிட்டால் யாரையும் முன்கூட்டியே வளைத்துப் போட முடியாது.

கம்பெனி கற்றுத்தந்த பாடத்தையும் சேர்த்திருக்கிறோம். அலமாரிச் சாவி, அம்பாள் நகைப் பெட்டிச் சாவி, வங்கிக் கையெழுத்து ஆகிய மூன்றும் முறை மாறும் அன்றே, உறுப்பினர் முன்னிலையில், பட்டியல் படித்துக் கைமாற வேண்டும். முன்னாள் தலைவர் ஆலோசகராக இருக்கலாம். கையெழுத்து உரிமையோ உறுப்பினர் சேர்க்கையில் வாக்கோ அவருக்கு இராது.

கடைசியாக ஒரு வரி பாக்கி. சண்டை அதில்தான் நிற்கிறது. இப்போதைய தலைவர் நல்லவர், உழைத்தவர். கூரைத் தகரம் மாற்றியதிலிருந்து மணிமண்டபம் வரை அவர் கைப்பட நடந்தது. "தம்பி, என் காலத்தைப் புதிதாக எண்ணத் தொடங்குங்கள், அதற்குப் பிறகு நானே விலகிக்கொள்கிறேன்" என்கிறார். மரியாதைக்காகப் பலர் ஒப்புக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள். எண்ணிக்கையைப் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க ஒருமுறை இடம் கொடுத்தால், அடுத்து வருபவரும் அதே மரியாதையைக் கேட்பார். சாகாத உலகத்தில் அதற்கு முடிவே இராது. கடந்த ஆண்டுகளும் கணக்கில் சேரும் என்றே வரைவில் எழுதியிருக்கிறோம், முதல் முறை அவர் தோட்டத்தாருக்கு அல்லாமல் வேறு தோட்டத்தாருக்குப் போகும் என்றும் எழுதியிருக்கிறோம். அவருக்கு இதை நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். பொதுக்கூட்டத்திலும் இதையே பேசுவேன்.